கீழ் டிவிஷனுக்கு எதிரே இருந்த மூன்று

போன மாதம் எங்கள் நிலையத்தில் எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், பேச வேண்டியவர்கள் எல்லாரும் பேசி முடித்தார்கள். கடைசியில் புதிய செயலாளர் கீதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "விஜி அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றார். இப்படித் தொடங்குகிறவர்கள் கோபம் வருகிற மாதிரித்தான் கேட்பார்கள் என்பது என் அனுபவம். கேளுங்க என்றேன்.

"நம்ம வெப்சைட்டுக்கு யாரு வர்றாங்க, எந்த ஊருலேருந்து வர்றாங்க, என்ன போன்ல பாக்குறாங்க, எத்தன நிமிஷம் நிக்கிறாங்க, எல்லாத்தையும் காட்டுற கவுண்டர் சும்மாவே கெடைக்குதுக்கா. நம்மளோடது ஒரு பக்கத்த மாசத்துக்கு எத்தன தடவ தொறந்தாங்கன்னு மட்டுந்தான் சொல்லுது. அதுவும் பத்துக்குக் கீழ போனா நம்பரையே காட்டாது. ஏங்கா இவ்வளவு கஞ்சத்தனம்?"

வாயால் சொன்னால் பாதி மறந்துவிடும், எழுதியே தருகிறேன் என்றேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்கிற வரிசைக் குடியிருப்பில் பிறந்தவள். உயர்தரப் படிப்பு முடித்த கையோடு தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதப் போனேன். யார் யார் இன்று வேலைக்கு வந்தார்கள் என்று பதிகிற பேரேடுதான் செக்ரோல். காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு ஆட்களை மலைக்கு அனுப்பிய பிறகு அந்த விவரம் என் மேசைக்கு வரும். ஒரு கோடு என்றால் ஒரு ஆள். இருபது வருடத்துக்கு மேல் அந்தக் கோடுகளோடுதான் எனக்குக் குடித்தனம். ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது மற்றக் கிளாக்கர்மார் அதைத் தொடவே பயந்தார்கள். நான் பயப்படவில்லை. அந்தத் திமிர்தான் பிற்பாடு என்னைக் கொட்டகலைக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

கொட்டகலை பஜாரில், ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் எங்கள் நிலையம். சுற்றியுள்ள தோட்டத்து ஆட்களே கூடி நடத்துகிற இணையதளம் அது. 'பெரட்டுக்களம்' என்று பெயர் வைத்திருந்தோம். ஒவ்வொரு தோட்டமும் டிவிஷன் டிவிஷனாகப் பிரிந்திருக்கும், டிவிஷனுக்கு ஒருவர் செய்தி அனுப்புவார். டாக்டர் என்றைக்கு வருகிறார், பஸ் ஓடுகிறதா, பீலிக் குழாயில் தண்ணீர் வருகிறதா, பிறப்புச் சான்றிதழ் எடுக்க என்னென்ன கொண்டுபோக வேண்டும், வேலை இடத்தில் அநியாயம் நடந்தால் எங்கே முறைப்பாடு செய்வது, இப்படிப்பட்ட பக்கங்கள். ஒவ்வொரு டிவிஷனுக்கும் தனி வாசல் பக்கம் ஒன்று இருந்தது. தங்கள் டிவிஷன் வாசலைத் திறந்து, அதன் வழியாக மற்றப் பக்கங்களுக்குப் போவார்கள். இந்த வாசல் விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதுதான் வினையாயிற்று.

நிலையத்தின் தலைவர் சிவஞானம் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர். கணக்கு வாத்தியாராக வந்து, ஓய்வு பெற்ற பிறகும் திரும்பிப் போகாமல் எங்கள் குளிரோடு தங்கிவிட்டவர். வெயில் அடித்தாலும் குடை கையில் இருக்கும். சீனி போடாத தேத்தண்ணி குடிப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதே கிடையாது. பிழை விட்டவரிடம் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளிவிட்டுப் பேசாமல் இருப்பார், அவ்வளவுதான். அதற்கு நாலு அடி அடித்தால் தேவலை என்று தோன்றும்.

தளம் தொடங்கியபோது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ண ஆசைப்பட்டோம். ஆசை எனக்குத்தான் அதிகம், எண்ணியே பழகியவள் அல்லவா? நான் கொண்டுபோன கவுண்டரை மாஸ்டர் ஒரு பின்னேரம் முழுக்கப் பார்த்தார். வருகிற ஒவ்வொரு போனுக்கும் ஒரு முகவரி எண் உண்டு, அதை அந்தக் கவுண்டர் குறித்து வைத்துக்கொள்ளும். ஒரே ஆள் திரும்ப வந்தால் அடையாளம் கண்டுகொள்ளும்.

"பிள்ளை, இதை ஆர் கேட்டது?" என்றார்.

"யாரும் கேக்கல மாஸ்டர். ஆனா தெரிஞ்சா நல்லதுதானே?"

அவர் ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டார். ஆர் கேட்டது, என்னத்துக்கு, எப்ப அழிக்கிறது. "நீர் எண்ணப்போற ஒவ்வொண்டுக்கும் உந்த மூண்டையும் எழுதும். ஒண்டு வெறுமையாக் கிடந்தாலும் அதை எண்ண வேண்டாம்."

எழுதினேன். பஸ் நேரப் பக்கத்தை எத்தனை தடவை திறக்கிறார்கள்? செய்தி அனுப்புகிறவர் கேட்டார், யாரும் பார்க்காவிட்டால் அந்த வேலையை விடலாம் என்பதற்காக, வருட முடிவில் அழிக்கலாம். மூன்று கட்டமும் நிரம்பியது. எந்த டிவிஷன் வாசல் வழியாக வந்தார்கள்? டிவிஷன் ஆட்கள் கேட்டார்கள், வாசல் பக்கங்கள் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதற்காக, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அழிக்கலாம். அதுவும் நிரம்பியது. போனின் முகவரி எண்ணுக்கு எதிரே எதையும் எழுத முடியவில்லை. அது போயிற்று. ஒரே ஆள் திரும்ப வந்தாரா என்பதும் போயிற்று. அதாவது, ஒருவர் பத்துத் தடவை திறந்தாலும் பத்துப் பேர் ஒவ்வொரு தடவை திறந்தாலும் எங்கள் கவுண்டருக்கு எல்லாம் பத்துதான். வேண்டுமென்றே அப்படிச் செய்தோம். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

சில வருடங்களுக்குப் பிறகு மாஸ்டர் கண் சத்திரசிகிச்சைக்காக யாழ்ப்பாணம் போனார். இரண்டு மாதம் வரமாட்டார். நிலையம் என் கையில். அப்போதுதான் நான் என் புத்தியைக் காட்டினேன்.

டிவிஷன்களுக்கு இடையே கிரிக்கெட் போட்டி நடந்த நேரம் அது. எந்தக் கடையில் பார்த்தாலும் யார் முதலாவது, யார் கடைசி என்ற பேச்சுத்தான். இதே போட்டியை நம் தளத்திலும் விட்டால் பார்க்கிறவர்கள் கூடுவார்களே என்று எனக்குத் தோன்றியது. டிவிஷன் டிவிஷனாக, பக்கம் பக்கமாக ஓர் அட்டவணை போட்டேன். அதற்குத் தலைப்பு வேண்டுமே. 'பார்த்த தடவைகள்' என்று எழுதியிருக்க வேண்டும். செக்ரோல் எழுதிய கை 'பார்த்தோர்' என்று எழுதிவிட்டது. கோடு என்றால் ஆள் என்று இருபது வருடம் பழகிய கை அது. அச்செடுத்து, பஸ்ஸில் அனுப்பி, ஒவ்வொரு டிவிஷன் கடையிலும் ஒட்டச் சொன்னேன். மூன்று கட்டத் தாளை நினைத்தும் பார்க்கவில்லை.

அட்டவணை ஓகோ என்று ஓடியது. மேல் டிவிஷன்காரர்கள் கீழ் டிவிஷன்காரர்களைக் கேலி செய்தார்கள். "எங்கள அஞ்சாவதுன்னு போட்டுட்டீங்களே, எண்ணத் தெரியாதா மிஸ்?" என்று ஒரு கடைக்காரர் போன் போட்டுச் சண்டை பிடித்தார். எனக்கு ஒரே சந்தோஷம். மாஸ்டர் வந்ததும் காட்டிப் பாராட்டு வாங்கலாம் என்று ஒரு பிரதியைப் பத்திரமாகக்கூட எடுத்து வைத்தேன்.

மாஸ்டர் வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது சரோஜா வந்தாள். முன்பின் பார்த்ததில்லை. முப்பது வயதிருக்கும். கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள். புருஷன் கொழும்பில் கடை வேலை, இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். எங்கள் பகுதியிலேயே ஒரு தோட்டத்தின் கீழ் டிவிஷனிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். தோட்டத்தின் பெயர் வேண்டாம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, நான் அந்தப் பக்கத்தப் பாத்தது கண்டாக்குக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

கண்டாக்கு என்றால் தோட்டத்தில் மலை வேலையை மேற்பார்க்கும் அதிகாரி. அந்த மனுஷன் இப்போது அங்கே இல்லை, வேறு எந்தத் தோட்டத்திலும் வேலையில் இல்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்களை உரசிக்கொண்டு நிற்பது, கூடையைப் பார்க்கிற சாக்கில் கை போடுவது, விலகிப் போனால் மறுநாள் மோசமான மலைக்கு அனுப்புவது, இதுதான் அவர் தொழில். சரோஜா எங்கள் தளத்தில் 'வேலை இடத்தில் பெண்களுக்குத் தொல்லை: முறைப்பாடு செய்வது எப்படி' என்ற பக்கத்தைப் பார்த்திருக்கிறாள். மனு எழுதத் துணிச்சல் வரவில்லை. அதற்குள் அவர் அவளைத் தனியே கூப்பிட்டு, "என்ன, பெரட்டுக்களத்துல படிப்பெல்லாம் நடக்குதாமே?" என்று கேட்டிருக்கிறார்.

"நான் பாக்கலன்னு சொல்லிட்டேங்கா. அவரு நம்பல. இப்ப நானு, பார்வதி அக்கா, ராணி மூணு பேரையும் உச்சி மலைக்குப் போட்டுட்டாரு. மழையில வழுக்குற எடம். ராணி போன வாரம் விழுந்து முழங்கால ஒடச்சுக்கப் பாத்தா."

"ஏன் அந்த மூணு பேரு?"

"எங்க டிவிஷன்ல சொந்தமா டச் போன் வச்சிருக்கிற பொம்பளைங்க நாங்க மூணு பேருதான். கடையில ஒட்டியிருக்கிற பேப்பர்ல மூணுன்னு போட்டுருக்காமே."

எழுந்து போய் என் பத்திரப் பிரதியை எடுத்தேன். முறைப்பாடு பக்கம். கீழ் டிவிஷன். பார்த்தோர்: மூன்று.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், முதலில் நான் தேடியது தப்பிக்க ஒரு வழி. "சரி, மூணு பேரும் பாத்திருக்கீங்க..." என்று இழுத்தேன்.

"மூணு பேரு இல்லக்கா. நான் ஒருத்தி. மூணு நாள் பாத்தேன். மொத தடவ புரியல, ரெண்டாந் தடவ பயமா இருந்துச்சு, மூணாந் தடவ எங்க அனுப்புறதுன்னு எழுதிக்கிட்டேன். அவங்க ரெண்டு பேருக்கும் எதுவுமே தெரியாது. என்னால மாட்டிக்கிட்டாங்க."

அவளால் இல்லை, என்னால். அதை அவளிடமே சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இப்ப என்னக்கா செய்யிறது?" என்று மட்டும் கேட்டாள்.

மாஸ்டருக்குப் போன் போட்டேன். கறுப்புக் கண்ணாடியோடு மூன்றாம் நாளே வந்து இறங்கினார். எல்லாவற்றையும் ஒப்பித்தேன். தாளைத் தள்ளினார். மூன்று கட்டம் போட்டு, 'டிவிஷன் வாரியாக அட்டவணை' என்று எழுதினேன். ஆர் கேட்டது என்ற கட்டத்தில், கடையில் நின்றவர்கள் என்று எழுதினேன். என்னத்துக்கு என்பதற்கு, பொழுது போக. எப்ப அழிக்கிறது என்பதற்கு, இன்றைக்கே.

"கீழ் டிவிஷன் வரியை மட்டும் எடுத்துடவா மாஸ்டர்?"

"அதை மட்டும் எடுத்தா, அங்கை என்னவோ கிடந்ததெண்டு நாங்களே கை காட்டின மாதிரி. முழுக்க எடும். எல்லாக் கடையிலும்."

அன்றே எல்லா டிவிஷனுக்கும் போன் போட்டு அட்டவணைகளைக் கிழிக்கச் சொன்னேன். வாசல் வழியாக எண்ணுவதை நிறுத்தினேன். பழைய வாசல் கணக்கு முழுவதையும் மாஸ்டர் முன்னால் அழித்தேன். பத்துக்குக் குறைந்த எண் எங்கேயும் வெளியே தெரியக்கூடாது என்று விதி எழுதினோம். கீதா, நீங்கள் கேட்ட கஞ்சத்தனம் பிறந்தது அந்த மேசையில்.

ஆனால் பெரிய சிக்கல் அப்படியே இருந்தது. 'பார்த்தோர் என்று எழுதியது பிழை, அது தடவைகள்தான்' என்று நான் திருத்தம் போட வேண்டும். நேர்மையாகப் பார்த்தால் அதுதான் முறை. போட்டால், மூன்று என்பது ஓர் ஆளாகவும் இருக்கலாம் என்று கண்டாக்குக்குத் தெரிந்துவிடும். அந்த ஒருத்தி யார் என்று துருவத் தொடங்குவார். பார்வதியும் ராணியும் தப்பலாம், சரோஜா தனியாக அகப்படுவாள். போடாவிட்டால், ஒன்றுமே செய்யாத இரண்டு பெண்கள் வழுக்கு மலையில் கிடக்க வேண்டும். மாஸ்டர் பேனாவை மூடி வைத்தார். "எனக்கு விடை தெரியேல்லை, பிள்ளை" என்றார். அவர் வாயிலிருந்து நான் அதைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

விஷயத்தைச் சரோஜாவிடம் போனில் சொன்னோம். "நான் போயிச் சொல்லிடுறேன் மாஸ்டர், நான் ஒருத்திதான்னு. அவங்க ரெண்டு பேரையும் விட்டுருவாரு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வரும்வரை வாயைத் திறக்காதே என்று கெஞ்சி நிறுத்தினோம்.

ஞாயிறுக்கு முன் கண்டாக்கே வந்துவிட்டார். வியாழக்கிழமை பின்னேரம், நல்ல மழை. சப்பாத்தைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

"சும்மா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன் மிஸ். எங்க டிவிஷன்ல யாரு யாரு பாத்தாங்கன்னு ஒங்க கம்ப்யூட்டர்ல பேரு இருக்கும்ல?"

மாஸ்டர், "காட்டும் பிள்ளை. எல்லாத்தையும் காட்டும்" என்றார்.

காட்டினேன். கவுண்டர் எழுதுகிற கோப்பை அவர் கண் முன்னால் திறந்தேன். மாதம், பக்கத்தின் பெயர், எண். மாதம், பக்கத்தின் பெயர், எண். மேலே தள்ளினேன், கீழே தள்ளினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஸ்கிரீனில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்தார்.

"பேரு எங்க?"

"எடுக்கிறதில்ல."

"போன் நம்பரு?"

"அதுவும் எடுக்கிறதில்ல."

"எந்த டிவிஷன்னு போட்டீங்களே?"

"அழிச்சாச்சு."

"மூணு பேருதானே மிஸ் அது? அதையாவது சொல்லுங்க."

"இந்த மெஷினுக்கு ஆள் தெரியாதுங்க. ஆளையே அது எண்ணுறதில்ல" என்றேன். அது சத்தியம். எனக்குத் தெரிந்தது வேறு. அதை என் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் நிமிர்ந்து சிரித்தார். "பரவாயில்ல. ரெண்டு பேரு எங்கிட்டயே ஒத்துக்கிட்டாங்க. மூணாவது ஆளுதான் இல்லேங்குறா. அதத்தான் உறுதிப்படுத்திக்கலாம்னு வந்தேன்."

படி இறங்கிப் போனார். ஒத்துக்கொண்டார்களாம்! பார்க்காத பெண்கள் பார்த்ததாக எப்படி ஒத்துக்கொள்வார்கள்? போட்டு வாங்கப் பார்க்கிறார், பச்சைப் பொய் என்று நானும் மாஸ்டரும் முடிவு செய்தோம்.

ஞாயிற்றுக்கிழமை கீழ் டிவிஷனுக்குப் போனோம். பார்வதி பீலியில் துணி அலசிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்காரர், மூன்று பேரில் மூத்தவர். ராணி கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பெண், முழங்காலில் துணிக்கட்டோடு பக்கத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். சரோஜா அவர்கள் முன்னால் நின்று உடைந்துவிட்டாள். "அந்த மூணும் நான்தான். நான்தான் மூணு தடவ பாத்தேன். ஒங்கள மாட்டிவிட்டுட்டேன். அவருகிட்ட இல்லேன்னு வேற பொய் சொல்லிட்டேன்."

பார்வதி சேலையைப் பிழிந்து உதறினார். "அழுகைய நிறுத்துடி. மனு எங்க?"

"மூணு தடவ படிச்சவளாச்சே, நீயே எழுது. நாங்க கையெழுத்துப் போடுறோம்" என்றாள் ராணி.

அவ்வளவுதான் பேச்சு. கண்டாக்கு சொன்ன பொய்யைச் சொல்லி அவர்களை நோகடிப்பானேன் என்று நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கல்லின் மேலேயே பலகை வைத்து மனு எழுதினோம். மூன்று கையெழுத்து. நகல் தோட்டத்து மேலாளரான துரைக்கும் போயிற்று. அடுத்த வாரமே மூவரையும் உச்சி மலையிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

விசாரணை ஹட்டனில், ஓர் அரசாங்க அலுவலகத்தில் நடந்தது. அதிகாரி ஒரு பெண். அட்டவணையை விளக்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சரோஜாவும் பார்வதியும் உள்ளே இருந்தார்கள், ராணி தன் முறைக்காக வெளியே இருந்தாள். கண்டாக்கு முதலில் பேசினார். எல்லாம் வெளியாட்கள் தூண்டிவிட்ட வேலை என்றார். "பார்வதியும் ராணியும் அந்தப் பக்கத்தப் பாத்ததா எங்கிட்டயே ஒத்துக்கிட்டவங்க மேடம்."

"அவங்க எதைப் பார்த்தாங்கன்னு நீங்க ஏன் விசாரிச்சீங்க?" என்று அதிகாரி கேட்டார். தன் வாயாலேயே அவர் அகப்பட்டுக்கொண்டார்.

பிறகு நான். சரோஜாவின் சம்மதத்தோடு எல்லாவற்றையும் சொன்னேன். தலைப்பு பிழை, அது ஆள் கணக்கு அல்ல, பிழை முழுவதும் என்னுடையது, மூன்றும் ஒரே பெண் பார்த்தவை. எத்தனையோ வருட வேலையில் அவ்வளவு அவமானமாகவும் அவ்வளவு நிம்மதியாகவும் நான் பேசியதில்லை.

அதிகாரி குறிப்பை நிறுத்திவிட்டுப் பார்வதியைப் பார்த்தார். "அப்படின்னா நீங்க பார்க்கவே இல்லையா?"

"இல்லீங்க. அப்படி ஒரு பக்கம் இருக்கிறதே அவரு கேட்டப்பதான் தெரியும்."

"அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"பாத்தேன்னு சொன்னேங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்டாக்கு சொன்னது பொய் இல்லை.

"பார்க்காமலே ஏன் அப்படிச் சொன்னீங்க?"

பார்வதி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார். "நான் பாக்கலன்னா வேற யாரோ பாத்திருக்காங்க. நான் இல்லேன்னு சொல்லிட்டா மிச்சம் இருக்கிறவளத்தானே தேடிப் போவாரு? அவ என்ன பாடுபட்டுட்டு அதப் பாத்தாளோ."

சரோஜா முகத்தை மூடிக்கொண்டாள். வெளியே பெஞ்சில் காத்திருந்த ராணியை உள்ளே கூப்பிட்டார்கள். நொண்டிக்கொண்டே வந்தாள். உள்ளே நடந்த பேச்சு எதுவும் அவள் காதில் விழுந்திருக்க வழியில்லை. அதிகாரி அதே கேள்வியைக் கேட்டார்.

"பாக்கல மேடம். ஆனா பாத்தேன்னுதான் சொன்னேன். நான் இல்லேன்னா அடுத்தவதான்னு ஆயிருமே."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வச்சுக்கிட்டீங்களா?"

ராணிக்குக் கேள்வி புரியவில்லை. அதிகாரியைப் பார்த்தாள், பிறகு பார்வதியைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்களும் அப்படியா சொன்னீங்க?"